கையால் சீராகும் இல்லம்

வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததும் பலரும் முதலில் செய்வது கடைக்குச் செல்வதுதான். நெகிழி அடுக்குப் பெட்டி, மடக்கு அலமாரி, சக்கரம் வைத்த கூடை எனத் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. வாங்கி வந்த பெட்டியில் பழைய பொருள்களை நிரப்பிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால், வீடு ஒழுங்காகிவிட்டது என்ற நிறைவு உண்டாகிறது. ஒரு மாதம் கழிந்ததும் அந்தப் பெட்டியும் இடத்தை அடைக்கும் பொருள்களுள் ஒன்றாகிவிடுகிறது.

ஒழுங்கு என்பது விலைக்கு வாங்கும் பொருள் அன்று. அது வீட்டில் வாழ்வோர் தம் கையால் ஆக்கிக்கொள்ள வேண்டிய பழக்கம். இதற்குத் திருவனந்தபுரம் நகரமே இரு சான்றுகளைத் தருகிறது. ஒன்று, வேற்று நாட்டிலிருந்து வந்து இந்நகரைத் தம் ஊராக்கிக்கொண்ட ஒரு கட்டடக் கலைஞரின் வாழ்க்கை. மற்றொன்று, இந்நகரின் குப்பையைச் சுமக்க மறுத்த ஒரு சிற்றூரின் போராட்டம்.

சொற்களில் வாழும் ஒழுங்கு

பொருள்களை உரிய இடத்தில் வைப்பதற்குத் தமிழர் கண்ட வழிகள் பல. அவற்றின் பெயர்களே அதற்குச் சான்று. அடிக்கடி தேவைப்படாத பொருள்களை வைக்கக் கூரைக்குக் கீழே அமைத்த இடம் பரண். விளக்கு வைப்பதற்குச் சுவரிலேயே குழித்த இடம் மாடம். எறும்பும் பூனையும் எட்டாதவாறு தயிரையும் வெண்ணெயையும் தொங்கவிட்ட கயிற்றுப் பின்னல் உறி. கடுகு, சீரகம், மிளகு முதலியவற்றை ஒரே மூடிக்குள் தனித்தனியே காத்தது அஞ்சறைப்பெட்டி. நெல்லைச் சேமித்தது குதிர். துணி உலர்த்தக் கட்டியது கொடி.

இவற்றுள் எதுவும் அழகுக்காக வைக்கப்பட்டதன்று. ஒவ்வொன்றும் ஒரு தேவையை எண்ணிப் பார்த்து, அருகில் கிடைத்த பொருளைக்கொண்டு, வீட்டாரோ ஊர்க் கைவினைஞரோ செய்தவை. உறிக்குத் தேவைப்பட்டது சிறிது கயிறு. மாடத்திற்குத் தேவைப்பட்டது சுவரின் பருமன் மட்டுமே. பரண், உறி ஆகிய சொற்கள் மலையாளத்திலும் வழங்குகின்றன. ஆகவே, கேரளத்தில் வளரும் தமிழ் மாணவர் இச்சொற்களை இரு மொழிகளிலும் கேட்க முடியும். ஆனால், சொல் நாவில் நிலைத்திருக்க வேண்டுமானால் பொருள் வீட்டில் இருக்க வேண்டும். உறியைக் கண்டறியாத பிள்ளைக்கு அச்சொல் அகராதியில் உள்ள ஒரு சொல் மட்டுமே. ஒரு கயிற்றை வாங்கி, பின்னி, அதில் வெங்காயத்தைத் தொங்கவிட்ட பிள்ளைக்கோ அது வாழும் சொல்.

வந்த ஊரைத் தம் ஊராக்கியவர்

லாரி பேக்கர் 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். கட்டடக் கலை பயின்ற அவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சீனாவில் மருத்துவத் தொண்டில் ஈடுபட்டார். திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்திக்கும் வாய்ப்புப் பெற்றார். அப்போது பேக்கரின் காலில் இருந்தவை கழிவுத் துணியால் கையாலேயே செய்யப்பட்ட காலணிகள். அவை காந்தியடிகளின் கவனத்தை ஈர்த்தன. ஐந்து மைல் சுற்றளவிற்குள் கிடைக்கும் பொருள்களைக்கொண்டே ஒரு வீட்டைக் கட்ட வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து, பேக்கரின் வாழ்நாள் முழுவதற்கும் வழிகாட்டியாக அமைந்தது.

1945ஆம் ஆண்டு இந்தியாவிற்கு வந்த பேக்கர், முதலில் தொழுநோயாளர் மருத்துவமனைகளுக்கான கட்டடப் பணியை மேற்கொண்டார். இமயமலைப் பகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்தபின் கேரளத்திற்கு வந்து, திருவனந்தபுரத்தின் நாலாஞ்சிறையில் குடியேறினார். அங்கே பாறைச் சரிவு ஒன்றின்மேல் அவர் எழுப்பிய வீட்டில் பழைய மரங்களும், பிறர் கழித்த கண்ணாடிப் புட்டிகளும் இடம்பெற்றன. சுவரில் பதித்த புட்டிகளின் வழியே வண்ண ஒளி உள்ளே வந்தது.

செங்கல்லைப் படுக்கை வாட்டில் வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையைப் பேக்கர் கேரளத்தில் பரப்பினார். இதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது. உள்ளே நிற்கும் காற்று வெயிலின் வெப்பத்தையும் தடுக்கிறது. சன்னலுக்கு மாற்றாகச் செங்கற்களுக்கு இடையே துளைகள் விட்டு, ஒளியும் காற்றும் நுழைய வழி செய்தார். தம்பானூரில் தொடர்வண்டி நிலையத்திற்கு அருகே, சங்கு போல் சுழன்று உயரும் இந்தியன் காப்பி ஹவுஸ் கட்டடம் அவர் வடிவமைத்ததே. அங்கே மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டுள்ளன. ஒரு பொருளுக்கு உரிய இடத்தைத் தொடக்கத்திலேயே எண்ணிவிட்டால், பின்னர் தனியே பொருள் வாங்க வேண்டியதில்லை என்பதை அந்த இருக்கைகள் காட்டுகின்றன.

செலவைக் குறைத்து வீடு கட்டும் வழிகளைத் தம் கையாலேயே படங்கள் வரைந்து சிறு நூல்களாக வெளியிட்டார் பேக்கர். எளிய மக்களும் படத்தைப் பார்த்துச் செய்துகொள்ள வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1989ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமை பெற்ற அவருக்கு 1990இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் திருவனந்தபுரத்திலேயே அவர் மறைந்தார். பிறந்த ஊர் வேறாக இருந்தாலும், கையுழைப்பைச் செலுத்திய ஊர் சொந்த ஊராகும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

‘வாடகை வீடுதானே!’

பணிமாற்றத்தின் காரணமாக ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில் ஒரு சொல் அடிக்கடி கேட்கும். “வாடகை வீடுதானே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு?” என்பதே அச்சொல். சுவரில் ஆணி அடிக்க வீட்டு உரிமையாளர் இசைவதில்லை; அரசுக் குடியிருப்பிலோ விதிகள் உண்டு. இன்னும் மூன்று ஆண்டுகளில் வேறு ஊருக்குச் செல்ல நேரலாம். ஆகவே, முந்தைய ஊரில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள் சில அவிழ்க்கப்படாமலே அடுத்த ஊருக்கும் செல்கின்றன.

இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. பிறர் சுவரைச் சேதப்படுத்துவது முறையன்று. எனினும், மூன்று ஆண்டு என்பது ஒரு பிள்ளையின் வாழ்வில் சிறிய காலம் அன்று. ஆறாம் வகுப்பில் வந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் புறப்படும்போது, அதன் இளமையின் ஒரு பகுதி அந்த வீட்டிலேயே கழிந்திருக்கும். அக்காலம் முழுவதும் அவிழ்க்காத பெட்டிகளுக்கு நடுவே வாழ்வது, தொடர்வண்டி நிலையத்தில் வாழ்வதைப் போன்றது. மேலும், சுவரைத் தொடாமலே செய்யத்தக்க பணிகள் பல உள்ளன.

ஆணியே வேண்டாத நூலடுக்கு ஒன்றை எளிதில் அமைக்கலாம். தரையில் இரு பக்கமும் செங்கற்களை அடுக்கி, அவற்றின்மேல் மூன்றடி நீளமுள்ள பலகையை வைக்க வேண்டும். அதன்மேல் மீண்டும் செங்கல், மீண்டும் பலகை. பலகை மிக நீண்டால் நூல்களின் பளுவால் நடுவில் தொய்யும். அடுக்கு மூன்றிற்கு மேற்பட்டால் சாயும். எடைமிக்க நூல்களைக் கீழ்த்தட்டில் வைப்பதே முறை. செங்கற்களின்மேல் பழைய துணியைச் சுற்றிவிட்டால் செம்மண் தூள் உதிராது. வீடு மாறும்போது பலகைகளை எடுத்துச் செல்லலாம். செங்கல் எந்த ஊரிலும் கிடைக்கும்.

இந்நகரில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. சுவரில் ஈரம் ஏறுகிறது. நூல்களிலும் துணிகளிலும் பூஞ்சை படர்கிறது. அடுக்கைச் சுவரை ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளி வைத்தால் காற்று புகுந்து ஈரத்தை உலர்த்தும். வெயில் அடிக்கும் நாளில் நூல்களை வெளியே எடுத்து விரித்துவைப்பதும் நன்று. இதற்குச் செலவு ஏதும் இல்லை. தேவைப்படுவது ஒரு முற்பகல் நேரம்.

சமையலறையில் வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் வைத்தால் இரண்டும் விரைவில் கெடும். வெங்காயத்தை உறியில் தொங்கவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும், இடமும் மிஞ்சும். தையல் பொருள்கள், திருகாணி, மின்கலம், மாத்திரை ஆகியவற்றைத் தனித்தனியே வைக்க அஞ்சறைப்பெட்டியின் முறையையே பின்பற்றலாம். காலியான இனிப்புப் பெட்டிக்குள் அட்டைத் துண்டுகளால் அறைகள் அமைத்தால் அதுவே போதும். ஒவ்வொரு டப்பாவின் மீதும் உள்ளிருக்கும் பொருளின் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டினால், பாட்டி வீட்டில் மட்டுமே கேட்ட சொற்கள் நாள்தோறும் கண்ணில் படும். ஓமம், கசகசா, பெருங்காயம் ஆகியவற்றைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் தேர்வுக்கு மட்டும் உரிய மொழியாக இராது.

குப்பை செல்லும் ஊர்

வீட்டை ஒழுங்குபடுத்துவதில் பெரும்பாலோர் எண்ணாத பகுதி ஒன்று உண்டு. வேண்டாத பொருள்கள் வீட்டை விட்டு வெளியேறியதும் எங்கே செல்கின்றன என்பதே அது.

திருவனந்தபுரம் மாநகரத்தின் கழிவுகளைப் பதப்படுத்த, நகருக்கு வெளியே விளப்பில்சாலை என்னும் ஊரில் 2000ஆம் ஆண்டு ஓர் ஆலை தொடங்கப்பட்டது. நகரத்து வீடுகளில் மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் கலந்தே திரட்டப்பட்டன. வந்து சேர்ந்த கழிவு முழுவதையும் பதப்படுத்த ஆலையால் இயலவில்லை. குப்பை மலையாகக் குவிந்தது. அதிலிருந்து கசிந்த நீர் அருகிலிருந்த ஓடையில் கலந்தது. நாற்றம் ஊரெங்கும் பரவியது. நகரத்துச் சமையலறைகள் தூய்மையாக இருந்தன; அத்தூய்மையின் விலையை விளப்பில் மக்கள் செலுத்தினர்.

2011ஆம் ஆண்டு டிசம்பரில் விளப்பில் ஊராட்சி ஆலையின் வாயிலைப் பூட்டியது. 2012ஆம் ஆண்டு காவல்துறையின் பாதுகாப்புடன் ஆலையை மீண்டும் இயக்க முயன்றபோது, பெண்கள் உட்பட ஊர் மக்கள் சாலையில் திரண்டு தடுத்தனர். மாநகரத்தின் தெருக்களில் குப்பை தேங்கியது. எங்கோ சென்று மறைந்துவிட்டதாக எண்ணிய கழிவு ஒவ்வொரு வாயிலிலும் வந்து நின்றது.

அதன்பின்னரே வீட்டுக் கழிவை வீட்டிலேயே உரமாக்கும் வழிக்கு நகரம் திரும்பியது. மாநகராட்சி வீடுகளுக்கு உரத்தொட்டிகளை வழங்கியது. வீட்டில் இடமில்லாதோருக்காகப் பொது இடங்களில் காற்றோட்டமுள்ள உரத்தொட்டிகள் அமைக்கப்பட்டன. மக்காத பொருள்களைப் பெற்றுச் செல்ல ஹரித கர்ம சேனையைச் சேர்ந்த பெண்கள் இன்று வீடுதோறும் வருகின்றனர். நெகிழி உறைகளைக் கழுவி உலர்த்தி அவர்களிடம் கொடுக்க வேண்டும். அழுக்கோடு கொடுத்தால் அந்த அழுக்கைத் தொட்டுப் பிரிப்பவை அப்பெண்களின் கைகளே. பால் உறையைக் கழுவிக் காயவைப்பது சிறு செயல்தான். எனினும், பிறர் கையின் மதிப்பை உணர்ந்தவர்க்கே அது கைவரும்.

தன் வீட்டின் அழுக்கைப் பிறர் வாழிடத்தில் குவிப்பது ஒழுங்கு ஆகாது. அதனை இடமாற்றம் என்றே கூற வேண்டும்.

மூன்று பானைகள்

வீட்டில் உரம் செய்வது கடினமான கலை அன்று. துளையிட்ட மூன்று மண்பானைகள் அல்லது பழைய வாளிகள் போதும். அடியில் தென்னை நார்க்கழிவை ஒரு சாண் உயரத்திற்குப் பரப்ப வேண்டும். கேரளத்தில் இதனைச் ‘சகிரிச்சோறு’ என்பர். அதன்மேல் காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை ஆகியவற்றை இட்டு, நாள்தோறும் ஒரு கைப்பிடி நார்க்கழிவால் மூட வேண்டும். சிறிது பழைய உரமோ புளித்த மோரோ சேர்த்தால் நுண்ணுயிர்கள் பெருகும். முதற்பானை நிறைந்ததும் அதனை மூடிவைத்து இரண்டாம் பானையைத் தொடங்க வேண்டும். மூன்றாம் பானை நிறையும் காலத்தில் முதற்பானையில் மண்வாசனை உடைய கரிய உரம் ஆயத்தமாக இருக்கும்.

நாற்றம் எழுந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஈரம் மிகுந்துவிட்டது, காற்று குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். உலர்ந்த நார்க்கழிவைச் சேர்த்துக் கிளறிவிட்டால் நாற்றம் அடங்கும். சாம்பார், ரசம் போன்ற நீர்மப் பொருள்களைப் பானையில் ஊற்றாமல் இருப்பது நலம். கிடைத்த உரம் மாடத்தில் வைத்த துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் உணவாகும்.

செடித் தொட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, கவிழ்க்காமல் விட்ட சிரட்டை ஆகியவற்றில் நீர் தேங்கினால் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக வளர ஒரு வாரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ ஆகும். எனவே, வாரத்திற்கு ஒரு நாள் அவற்றைக் கவிழ்த்து உலரவைப்பது நோயைத் தடுக்கும் எளிய வழியாகும்.

பழைய பொருளுக்குப் புதிய பணி அளிப்பது இந்நகருக்குப் புதிதன்று. ஆற்றுக்கால் பொங்காலையின்போது அடுப்பாக அடுக்கப்படும் செங்கற்களை, விழா முடிந்தபின் மாநகராட்சி திரட்டி, வீடற்ற எளியோரின் வீடுகட்டும் பணிக்கு அளித்து வருகிறது. ஒரு நாள் அடுப்பாக இருந்த கல் மறுநாள் ஒரு குடும்பத்தின் சுவராகிறது. அதைப் போலவே, கிழிந்த வேட்டி கடைக்கு எடுத்துச் செல்லும் பையாகலாம். பழைய சேலை சன்னல் திரையாகலாம். கேரள அரசு 2020ஆம் ஆண்டு சனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழிப் பைகளுக்குத் தடை விதித்தது. சட்டம் தடுக்கும் முன்னரே கை மாற்றைத் தைத்துவிட்டால் தடை சுமையாகத் தோன்றாது.

யாருடைய பணி?

“பிள்ளைகளுக்குத் தேர்வு இருக்கிறது, வீட்டு வேலைக்கு நேரம் எங்கே?” என்று பெற்றோர் வினவுவது இயல்பே. தேர்வு முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால், பலகையின் நீளத்தை அளப்பதும் உரத்தொட்டியின் மாற்றத்தைக் கவனிப்பதும் கணக்கும் அறிவியலுமே ஆகும். வாரத்தில் ஓர் அரைமணி நேரம் இவற்றிற்குச் செலவிட்டால் படிப்பு குன்றாது. தேடிய நூல் தேடிய இடத்தில் கிடைப்பதால் அந்த அரைமணி நேரம் திரும்பவும் கிடைத்துவிடும்.

இதனினும் கவனிக்க வேண்டியது வேறொன்று. வீட்டை ஒழுங்காக வைத்திருப்பது தாயின் கடமை என்ற எண்ணம் பல குடும்பங்களில் வேரூன்றியுள்ளது. உறவினர் அருகில் இல்லாத வெளியூரில் அச்சுமை இரட்டிப்பாகிறது. சொந்த ஊரில் பாட்டியும் அத்தையும் பகிர்ந்துகொண்ட பணிகளை இங்கே ஒருவரே செய்கிறார். மகன் நூலடுக்கை அமைப்பதும், மகள் பலகைக்கு அளவெடுப்பதும், தந்தை உரப்பானையைக் கிளறுவதும் உதவி எனக் கருதப்படுதல் கூடாது. வீட்டில் உண்பவர் அனைவருக்கும் வீட்டின் பணியில் பங்கு உண்டு.

அதே நேரத்தில், தானே செய்தல் என்பதற்கு எல்லையும் உண்டு. மின்கம்பி, எரிவாயுக் குழாய், உயரமான கூரை ஆகியவற்றைப் பிள்ளைகள் தொடுதல் தகாது. அவை அத்தொழில் அறிந்தவர்க்கு உரியவை. வாள், உளி போன்ற கருவிகளைப் பெரியவர் உடனிருக்கும்போது மட்டுமே கையாள வேண்டும். தன்னால் இயலாததை அறிந்து உரியவரை அழைப்பதும் அறிவுடைமையே.

புலம்பெயர்ந்த குடும்பத்திற்கு ஊர் இரண்டு. ஒன்று நினைவில் இருக்கிறது. மற்றொன்று கண்முன் இருக்கிறது. நினைவில் உள்ள ஊரின் சொற்களைக் கண்முன் உள்ள வீட்டில் பயன்படுத்தும்போது இரண்டும் ஒன்றுசேர்கின்றன. திருவனந்தபுரத்து வாடகை வீட்டின் மூலையில் தொங்கும் ஓர் உறியும், அதன் கீழே வைத்த மூன்று பானைகளும் விலைமதிப்புள்ள பொருள்கள் அல்ல. ஆயினும், அவ்வீட்டில் வாழ்வோர் தம் பண்பாட்டை மறக்கவில்லை என்பதை உறி கூறும். அடுத்த ஊரார்க்குத் தீங்கு செய்யவில்லை என்பதைப் பானைகள் கூறும். நல்ல இல்லத்திற்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை.

சிந்தித்து எழுதுக

1. ‘ஒழுங்கு என்பது விலைக்கு வாங்கும் பொருள் அன்று’ என்னும் கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் தந்து எழுதுக.
2. விளப்பில்சாலை மக்களின் போராட்டம் நகரத்து வீடுகளின் பழக்கத்தை எவ்வாறு மாற்றியது?
3. வாடகை வீட்டைச் சீர்செய்வது வீண் எனக் கூறும் ஒருவருக்கு விடையாக ஒரு பத்தி எழுதுக.
4. வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, பொருள்களைச் சேமிக்கப் பயன்பட்ட பழைய கலங்கள் ஐந்தின் பெயர்களை எழுதுக. அவற்றுள் மலையாளத்திலும் வழங்குபவை எவை எனக் கண்டறிக.